மூன்றாவது குரல்

“என்னை இந்தக் கட்டடத்தை விட்டுக் கிளப்பணும்னா நாலு பேர் வந்து தூக்கணும். சொந்தக் காலால நடந்து வெளிய போற ஆள் நான் இல்லை.”

டவாலி இதைச் சொன்னது, நீதிமன்றம் ஊருக்கு வெளியே கண்ணாடி வைத்த புதுக் கட்டடத்துக்குக் குடிபோன அன்று, தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறப்பட்ட பிரிவுபசாரக் கூட்டத்தில். நீதிபதி சிரித்தார். நீதிபதி சிரித்ததால் வக்கீல்கள் சிரித்தார்கள். வக்கீல்கள் சிரித்தபிறகு சிரிக்காமல் இருக்கும் அளவுக்குக் குமாஸ்தாக்களுக்குத் துணிச்சல் கிடையாது. டவாலி மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். பின் கதவோரம் எச்சில் தம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் சிரிக்கவில்லை. அவள் காரணம் வேறு.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் ஆண்டவர்கள் அதைச் சுங்கவரி வசூலிக்கக் கட்டினார்கள். வரி கட்டச் சரக்கு வராமல் போகவே குதிரைகளைக் கட்டினார்கள். குதிரைகள் போனபின் நீதிபதிகள் வந்தார்கள். வாசனை மட்டும் கொஞ்ச நாள் இருந்ததாகச் சொல்வார்கள். எதற்காகக் கட்டப்பட்டதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயன்பட்டதால், அதை ஒரு குறையுமில்லாத அரசாங்கக் கட்டடம் என்றே சொல்லலாம்.

டவாலி என்பது அவருடைய பெயரல்ல. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடும் சிவப்புப் பட்டைக்கும், அதன் நடுவில் மின்னும் பித்தளை வில்லைக்கும்தான் அந்தப் பெயர். அதைப் போட்டுக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்பவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். வேலை சுலபம். உள்ளேயிருந்து ஒரு வழக்கின் பெயர் வரும். டவாலி வராந்தாவில் நின்று, அப்பன் பெயரையும் சேர்த்து, ஆளை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது குரலுக்குள் “இருக்கேன்” என்று சொல்லி ஆள் படியேறிவிட வேண்டும். ஏறாவிட்டால், ஆள் வரவில்லை என்று பதிந்து, எதிராளி கேட்டதைக் கொடுத்து, வழக்கை மூடிவிடுவார்கள். சட்டம் படித்தவர்கள் சட்டம் புத்தகத்தில் இருப்பதாக நினைத்தார்கள். டவாலிக்கு அது தன் தொண்டைக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது என்று தெரியும்.

அவர் லஞ்சம் வாங்கியவரல்ல. இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ள ஏராளமான எதிரிகள் இருந்தார்கள். கை நீட்டி ஒரு காசு தொட்டதில்லை. மரியாதை மட்டும் வாங்கினார். அதில் பாக்கி வைத்தவனை விட்டதில்லை. தான் நடந்துபோகும்போது கால்மேல் கால் போட்டபடியே உட்கார்ந்திருந்தவன், “யோவ் பட்டை” என்று கூப்பிட்டவன், மணி என்ன என்று கேட்டுவிட்டு நன்றி சொல்லாமல் திரும்பியவன், இவர்கள் எல்லோரையும் அவர் பொறுமையாக மனதில் வைத்துக்கொள்வார். அவர்கள் முறை வரும்போது முதல் குரலைப் பெரிய கேட்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. இரண்டாவதை வேப்பமரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. மூன்றையும் சுவரைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்.

அந்தச் சுவரில் ஒரு விசேஷம் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில், தலைக்குமேல், குதிரைகளுக்காக வைத்த காற்றுத் துவாரம் ஒன்று உண்டு. சுவரை ஒட்டி நின்று பேசினால் சத்தம் அப்படியே அதன் வழியாக உள்ளே போய்க் கூடம் முழுக்க முழங்கும். முற்றத்தில் நிற்பவனுக்கோ யாரோ இருமியதுபோல்தான் இருக்கும். நீதிபதியின் காதில் மூன்று தடவையும் கணீரென்று விழும். ஆள் மரத்தடியில் நின்று பக்கத்துக்காரனோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பான். உள்ளே அவன் வீடோ, வயலோ, சில சமயம் பெண்டாட்டியோ, கைமாறிவிடும். கட்டியவர்களுக்கே தெரியாத இந்த உபயோகத்தைக் கண்டுபிடித்தது டவாலியின் சொந்த அறிவு.

மனைவியின் தம்பி ஒரு தையல்காரன். கடைத்தெருவில் சின்னக் கடை. கலகலப்பானவன், வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டவாலி தன் குரலைப் பற்றி விரிவாகச் சொல்ல, பையன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்:

“கத்துறதுக்குச் சம்பளம் குடுக்குற ஆபீஸ் உலகத்துலயே இது ஒண்ணுதான் மாமா. எங்க தெரு நாய்க்கு ஒரு மனு எழுதிப் போடலாமா?”

அவன் சிரித்தான். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள்கள் குலுங்கின. டவாலி அமைதியாக மோர் ஊற்றச் சொன்னார். குலுங்கிய தோள்களையும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொண்டார்.

கடைக்குச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டபோது, ஊரே பையனுக்காகக் கவலைப்பட்டது, அவனைத் தவிர. “கூப்பிடுறது எங்க மாமா. நான் தூங்கினாக்கூடத் தூக்கிட்டு வந்து உள்ள நிறுத்திடுவாரு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வழக்கு நாளில் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான். அன்று டவாலியின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு பின்பக்க நடையிலிருந்து வராந்தாவுக்கு வந்துகொண்டிருந்தாள். கணவர் சுவரோடு சுவராக நின்று, ரகசியம் சொல்வதுபோல் வாயைக் குவித்து அவளுடைய அப்பன் பெயரையும் தம்பி பெயரையும் சொல்வதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிவதற்குள் மூன்று தடவை ஆகிவிட்டது.

சாயங்காலம் பையன் வந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“என்ன மாமா, கூப்பிடவே இல்லையே?”

“மூணு தடவை கூப்பிட்டேன் மாப்ளே. கத்துறதுக்குத்தானே சம்பளம்.”

டவாலியின் மனைவி அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை, அம்மா வீட்டுக்குக் கிளம்பவில்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்று. அன்று முதல் சாப்பாடு தயாரானதும், சுவர்ப் பக்கம் திரும்பி, உதட்டுக்குள்ளேயே, “சாப்பாடு ஆயிடுச்சு” என்று சொல்வாள். கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் தட்டைக் கவிழ்த்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு எதிர்ச் சாரியில் நடைபாதையில் கித்தான் விரிப்பின் கீழ் மிஷின் போட்டிருந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டு வருவாள். டவாலி முதலில் கொஞ்சநாள் பட்டினி கிடந்தார். தம்பி உடம்பு தேறினான். பிறகு டவாலிக்குக் காது கூர்மையாயிற்று. ஊரில் வேறு யாருக்கும் கேட்காததெல்லாம் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த வகையில் அது அமைதியான குடித்தனம்.

குடித்தனம் நடந்த இடம், கூடத்துக்குப் பின்னால் இருந்த அறை. விசாரணைக்குக் கொண்டுவரும் கைதிகளை உட்காரவைக்கக் கட்டியது. கனமான மரக் கதவு, வெளிப்பக்கம் பெரிய தாழ்ப்பாள், குடிவந்தபின் உள்பக்கம் போட்ட இன்னொன்று, கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். சுவரில் யார் யாரோ நகத்தால் கீறிய கோடுகள். சுண்ணாம்பு அடிக்க அடிக்க அவை மறுபடி தெரிந்தன. குளிக்க, கைகழுவ எல்லாவற்றுக்கும் முற்றத்துக் குழாய்தான், அதுவும் கூட்டம் வருவதற்கு முன்னால். கல்யாணமான புதிதில், “வேற வீடு பாருங்களேன்” என்று மனைவி கேட்டிருக்கிறாள். “எந்த வீட்டுக்கு வாசல்ல இத்தனை தூண் இருக்கு?” என்று அவர் பதில் கேள்வி கேட்டார்.

நீதிமன்றம் போனபோது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக அவர் அங்கேயே இருக்க அனுமதி வாங்கிக்கொண்டார். புதுக் கட்டடத்தில் பெயர் கூப்பிட ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியை யாரும் அவமதிக்க முடியாது, அதற்கும் யாரையும் பிடிக்காமல் போகாது. அப்படிப்பட்ட நீதியில் டவாலிக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து ரேஷன் அட்டை ஆபீஸ் வந்தது. டவாலி பட்டையைக் கழற்றவில்லை. புது அதிகாரிக்கும் வாசலில் பட்டை போட்ட ஒருவர் நிற்பது பிடித்திருந்தது, தன் நாற்காலி உயரமானதுபோல் ஒரு உணர்வு. அட்டைக்காரர்களை மூன்று தடவை கூப்பிட்டார். கும்பிட்டவர்கள் அட்டையோடு வீட்டுக்குப் போனார்கள். கும்பிடாதவர்கள் அடுத்த மாதம் கும்பிட்டார்கள்.

அதற்கும் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிகள் நிரம்பி, கூடத்தில் கட்டில் போட்டார்கள். சொந்தக்காரர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் காத்துக் கிடந்தார்கள். உள்ளேயிருந்து செய்தி வந்தால் டவாலி வராந்தாவில் நின்று சொந்தக்காரர் பெயரைக் கூப்பிடுவார். இரண்டே வகைச் செய்திதான். என்ன செய்தி என்பது அவர் வாயிலிருந்து வரும்வரை தெரியாது என்பதால், அவர் அசைந்தாலே கேட்டுக்கு வெளியே கூட்டம் முழுக்கக் கைகூப்பி எழுந்து நின்றது. நீதிபதிக்குக்கூட இப்படி ஒருநாளும் நின்றதில்லை. ஊரார் எல்லோருக்கும் அது இருண்ட காலம், டவாலிக்கு அதுதான் பொற்காலம். அப்போது அவர் கொஞ்சம் சதை போட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும், “கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுய்யா, எனக்குக் காது மந்தம்” என்றார். ‘ய்யா’ என்ற அந்த ஒட்டு டவாலிக்குத் தைத்துவிட்டது. கிழவருக்குச் செய்தி வந்தபோது அதைச் சுவருக்குச் சொன்னார். ஆள் வரவில்லை என்று நகராட்சிக்காரர்களே கிழவியின் உடலை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். கிழவர் கேட்டருகே துண்டை விரித்து உட்கார்ந்தபடியே இருந்தார், மனைவிக்குக் கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழங்களை வெயில் படாமல் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு. கடைசியில் டவாலியின் மனைவிதான் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். திரும்பி வரும்போது கணவரைத் தாண்டித்தான் வந்தாள். அவர் அந்த நேரத்தில் பித்தளை வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் ஓய்ந்ததும் கட்டடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அரசாங்கம் உடைந்த நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கியது. கூப்பிட யாருமில்லை. தொண்டை துருப்பிடிக்காமலிருக்க டவாலி பழைய பெயர்களைக் கூடத்துக்குள் கூப்பிட்டுப் பார்ப்பார். எல்லா நாற்காலிகளும் தலைகீழாகவே கிடந்தன. அவை காட்டிய மரியாதையில் குறை சொல்ல முடியாது.

இப்படி இருந்த கட்டடம் ஒருநாள் திடீரென்று வரலாற்றுச் சின்னமாகிவிட்டது. முந்தின நாள் வரை பழசு, மறுநாள் காலை பழமை. பலகை மாட்டினார்கள். ஆணி அடிக்கக் கூடாது, கீறக் கூடாது, ஆதிகாலத்துக் கதவுகளைக் கழற்றவோ இடிக்கவோ கூடாது என்று சட்டம் வந்தது. இவ்வளவு பத்திரப்படுத்தியபின் என்ன செய்வது என்று யோசித்து, ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். நீதிமன்றக் கூடம் சாப்பாட்டுக் கூடமாகும். நீதிபதி மேடையில் வாத்தியக்காரர்கள் உட்காருவார்கள். பின்னாலிருக்கும் கைதி அறைதான் இருப்பதிலேயே வாடகை அதிகம். ஒரு காலத்தில் கையைக் கட்டி இழுத்துவந்து இலவசமாகத் தங்கவைத்த இடத்தில், இனிமேல் வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்து தங்குவார்கள்.

ஓட்டல் மேனேஜர் இளைஞர், நல்ல பண்பு. டவாலியை “அங்கிள்” என்று கூப்பிட்டு, அவருக்கு ஊர்க் கோடியில் அரசாங்கக் குடியிருப்பில் ஒரு வீடு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். டவாலி போய்ப் பார்க்க மறுத்துவிட்டார். மனைவி போய்ப் பார்த்தாள். இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குளியலறை, கம்பி இல்லாத ஜன்னல். அவள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். இன்னொரு அறையில் தன் கைகளை விரித்து, தையல் மிஷின் நிற்குமா என்று அளந்தாள். ஓட்டலுக்கு முன்னால் கார்கள் திரும்ப வேண்டும் என்று தம்பியின் நடைபாதையையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். தம்பிக்கும் வயதாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் போகிற வருகிறவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

திரும்பி வந்து, பல வருஷங்களுக்குப் பிறகு அவள் கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“என்னங்க, அந்த வீட்டுக்குப் போயிடலாம். தம்பியும் நம்மகூட வரட்டும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இந்த ரூமைக் குடுத்துட்டுச் சாவி வாங்கணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்.”

டவாலி மீசையைத் தடவிக்கொண்டார்.

“அடுத்த ஆளுக்குப் போகட்டும். நான் என்ன சொல்லியிருக்கேன்? நாலு பேர் தூக்கணும்.”

மறுநாள் காலையில் அவள் மூட்டை கட்டினாள். பாத்திரம், துணி, ஒரு தகரப் பெட்டி. மூட்டையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் நடைக்கு வந்ததுதான் தாமதம், பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. டவாலி உள்ளே, மற்ற எல்லோரும் வெளியே. மேனேஜர் வந்து தட்டினார். பேசிப் பார்த்தார். ஓட்டல் விளம்பரத்துக்குப் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் வராந்தாவுக்கு வரும் நேரம். வேறு வழியில்லாமல் மூட்டை சுமக்கும் ஆட்களை வரச் சொன்னார். தற்செயலாகத்தான் நாலு பேர் வந்தார்கள்.

“பெரியவரே, நாலு பேரும் வந்துட்டோம். கதவைத் திறங்க, தூக்கிட்டுப் போயிடுறோம்” என்றான் அவர்களில் மூத்தவன்.

“தூக்க வந்தவனுக்கு நானே கதவு திறந்து விடணுமாடா? உடைச்சிட்டு வா.”

அதற்குள் தொல்பொருள் இலாகாவிலிருந்து வந்திருந்த ஒரு பொறியாளர் ஓடிவந்து கதவை மறித்து நின்றார். “கதவு மேல யாரும் கை வைக்கக் கூடாது. அது பாதுகாக்கப்பட்டது. ஆளை என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க” என்றார். அந்த ஆளே கதவுக்குப் பின்னால் இருந்ததால், யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டவாலி உள்ளே பட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுத்தார். சட்டம் மறுபடி தன் பக்கம் வந்துவிட்டதில் அவருக்குத் தூக்கம்கூட வந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் கைப்பேசியில் யாரிடமோ, இன்னொரு குடும்பத்துக்கு வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

டவாலியின் மனைவி, சாமான் தூக்க வந்து நடையில் உட்கார்ந்திருந்த தம்பியின் மடியில் மூட்டையை வைத்து, பெட்டியை அவன் காலடியில் இறக்கினாள். நடை வழியாகப் போய், கூடத்தைத் தாண்டி, வராந்தாவில் வாசலுக்குப் பக்கத்தில், கணவர் நிற்கும் அதே இடத்தில் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய பெயரை வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவாள். இப்போது பெரிய கேட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்று, மாமனார் பெயரை முதலில் வைத்து, கணவரின் பெயரை அதனோடு கோத்து, கடைசி எழுத்தை நீட்டி, ஒரு குரல் கொடுத்தாள். வேப்பமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. சுமைகாரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

உள்ளே டவாலி கண்ணைத் திறந்தார். அது தன் குரல்தான் என்று முதலில் நினைத்தார். ராகம், இழுப்பு, மூச்சு விடும் இடம் எல்லாம் அச்சாக அதுவே. கூப்பிடட்டும், என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடினார். முதல் குரலுக்கு யார் வருவார்கள்? முதல் குரல், வேட்டியைச் சரிசெய்துகொள்ளத்தான்.

இரண்டாவது குரல் மரத்தைப் பார்த்துப் போயிற்று. டவாலி எழுந்து உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கால் தானாகச் செருப்பைத் தேடியது, கிடைக்கவில்லை.

பிறகு சத்தமே இல்லை.

அந்த இடைவெளி என்ன என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உடம்பை முற்றத்திலிருந்து சுவர்ப் பக்கம் திருப்ப ஆகும் நேரம் அது. எத்தனை பேரின் வீட்டை, வயலை, கடையை அந்த நேரம் தின்றிருக்கிறது என்றும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாவது விழுந்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு ஓடிவந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களைப் படியேற விடாமல் கையை நீட்டி நிறுத்தியவரே அவர்தான். சுவரைப் பார்த்துச் சொல்வது உள்ளே இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும் என்ற விவரம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கை தாழ்ப்பாளை நீக்கிவிட்டிருந்தது.

பொறியாளரை இடித்துக்கொண்டு, நடையில் சறுக்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, வெறுங்காலோடு வராந்தாவுக்கு வந்தார். அவர் பயந்தபடியேதான் இருந்தது. அவள் சுவரோடு சுவராக நின்று, வாயைக் குவித்து, மூச்சை இழுத்து வைத்திருந்தாள்.

டவாலி கைகளைக் கூப்பினார்.

“இருக்கேன்.”

யாருக்கும் பெரிதாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்பி, அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். உள்ளே மேனேஜர் ஓசைப்படாமல் அந்தப் பழைய கதவைச் சாத்தி, புதுப் பூட்டு ஒன்றை, கீறல் விழாமல், மாட்டிக்கொண்டிருந்தார்.

“பெட்டியை எடுத்துக்குங்க” என்றாள் அவள்.

எடுத்துக்கொண்டார். வந்த ஆட்கள் சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று மேனேஜர் அவர்களை எதிர்ச் சாரிக்கு அனுப்பினார். மச்சினனின் தையல் மிஷின் பழைய இரும்பு, நல்ல கனம். அதை நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது. டவாலி அதன் பின்னாலேயே நடந்து போனார்.